உங்கள் புதிய வீட்டில் காற்று வருமா?

இடம்பெயர முன் நீங்கள் கிடுகு வீட்டில் இருந்திருந்தால், சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள இடைவெளியால் காற்று தானாக வந்து போனது. இப்போது கட்டும் கல்வீட்டில் அந்த வழி இல்லை. காசு போதாதபோது முதலில் குறைக்க நினைப்பது யன்னலைத்தான். அப்படிக் குறைத்தால் வெக்கையும் சமையற் புகையும் உள்ளேயே தங்கும். காற்றோட்டமில்லாத அறையில் காசநோயும் எளிதில் பரவும்.

எவ்வளவு திறப்பு வேண்டும்?

ஓர் அறையின் யன்னல் திறப்புகள் தரைப்பரப்பின் ஏழில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதில் பாதியாவது திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

உதாரணம்: அறை 12 அடிக்கு 10 அடி என்றால் தரை 120 சதுர அடி. அதன் ஏழில் ஒன்று ஏறக்குறைய 17. எனவே 3 அடிக்கு 3 அடி யன்னல் இரண்டு (18 சதுர அடி) போதும்.

எங்கே வைப்பது?

* இரண்டையும் ஒரே சுவரில் வைக்க வேண்டாம். உள்ளே வரும் காற்று வெளியேறவும் வழி வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களே நல்லது.
* பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். படுவான்கரைக்கு அது வாவியைக் கடந்து வரும். அந்தப் பக்கத்தை அடைக்காதீர்கள்.
* கச்சான் காற்று மேற்குப் பக்கமிருந்து சூடாக வீசும். அப்பக்க யன்னலுக்கு விறாந்தையோ வேப்பமரமோ நிழல் தரட்டும்.
* வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். அப்பக்கம் கூரையை நீட்டி இறக்குங்கள்.
* அறைக்கு ஒரு வெளிச்சுவர் மட்டும் இருந்தால், உட்கதவுக்கு மேலே காற்றுத் துவாரம் விடுங்கள்.
* சமையலறையில் அடுப்புக்கு மேல் புகைபோக்கி வையுங்கள்.

இரவில் பயமாக இருந்தால்?

“யன்னலைத் திறந்து படுக்கப் பயம்” என்று பலர் சொல்கிறார்கள். நீங்கள் கடந்து வந்ததை நினைத்தால் அது நியாயமான பயம்தான். அதற்காக யன்னலைச் சிறிதாக்க வேண்டாம். இரும்புக் கம்பியும், நுளம்பு வராமல் வலையும் போடுங்கள்.

எப்போது முடிவு செய்வது?

சுவர் எழும்ப முன்பே மேசனிடமும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் யன்னலின் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். பிறகு சுவரை உடைத்தால் செலவு உங்களுடையது.

செய்து பாருங்கள்

ஒரு பின்னேரம் குடும்பமாக உங்கள் வளவுக்குப் போங்கள். தடியில் ஒரு துணியைக் கட்டிப் பிடித்து, காற்று வரும் திசையைப் பாருங்கள். அறைகளைத் தரையில் கோடாகக் கீறி, காற்று நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒவ்வொரு கல் வையுங்கள். அந்த இடங்களில்தான் உங்கள் யன்னல்கள் வர வேண்டும்.