பள்ளியில் பிரம்பு வேண்டாம்

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம், குட்டிக்கட்டை முதலிய கடுந்தண்டனைகள் வழங்கிவந்தன. அடியாத மாடு படியாது என்பர், பிள்ளையோ மாடன்று. அஞ்சி நடுங்கும் மனத்தில் பாடம் பதியாது. பள்ளியின்மீது வெறுப்பே வளரும்.

இந்தியாவில் 2010-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கின்றது. மீறும் உபாத்தியாயர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார். அச்சட்டப்படி அரசாங்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரும் பாதுகாவலருமாவர்.

ஆதலின், சங்கக் கணக்கை விசாரிக்கும் அங்கத்தினர் இக்குழுவின் கூட்டத்திற்கும் தவறாது சென்று விசாரித்தல் வேண்டும். பிள்ளையின் உடம்பில் தழும்பு கண்டால், வீட்டிலும் அடியாது, பொறுமையாய்க் கேட்டறிந்து குழுவில் முறையிடுக. அவசரமாயின் 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.