சார் ஆட்சியர் மேசைக்கு வரும் வரைவு

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் சார் ஆட்சியருக்கு,

திருவிழாக் காலம் தொடங்கியதும் உங்கள் மேசைக்கு ஒரு கோப்பு வரும். மேலே காவல் துறையின் கடிதம். 'சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது' என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். கீழே, கையெழுத்துக்குத் தயாராகத் தட்டச்சு செய்த தடை உத்தரவு. சென்ற ஆண்டு உத்தரவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பல நேரம் தேதிதான் மாறியிருக்கும். ஊரெல்லாம் இதை இன்னும் 144 என்றே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. எண் மாறினாலும், உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், விவகாரத்தின் முக்கிய விவரங்களைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை. அந்த விவரங்களை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுத வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

காவல் துறை கேட்பதை இன்னொருவர் எடைபோட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அதிகாரம் வருவாய்த் துறையில் இருக்கிறது. நன்னடத்தைப் பிணை வாங்கும் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடமே கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்ததும் ஏறக்குறைய இந்தக் காரணத்தால்தான். வரைவை அப்படியே ஏற்றால் எடைபோட ஆளே இல்லாமல் போகிறது. மாறாக, எந்தத் தெரு, எத்தனை மணி, யார் யாரை மிரட்டினார் என்று எழுத உட்காருங்கள். தேர் ஒரு தெருவில் திரும்புவதுதான் தகராறு என்றால், வட்டம் முழுவதும் இரண்டு மாதம் கூட்டம் கூடக்கூடாது என்பது எவ்வளவு அபத்தம் என்று நமக்கே உறைக்கும். அனுராதா பாசின் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் வலியுறுத்தியது: நியாயமான கருத்தையும் குறையையும் அடக்க இந்தப் பிரிவு ஆயுதமல்ல, திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அதிகார மீறல். மொட்டையான உத்தரவு நிஜமான கலகக்காரரையும் பிடித்து வைக்காது. தடையை மீறியதற்கான வழக்கை நீதிமன்றம் ஏற்க, உரிய அலுவலர் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். காவல் துறையின் முதல் தகவல் அறிக்கை மட்டும் போதாது.

கூட்டம் திரண்டு நிற்கையில் கட்டுரையா எழுத முடியும் என்பார்கள். வேண்டாம், நான்கு வரி போதும். அவசரத்தில் எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவிடச் சட்டம் இடம் தருகிறது. பிறகு யாரேனும் மனுக் கொடுத்தால் கேட்டு மாற்றவோ விலக்கவோ சொல்கிறது. 'தடை போடாமல் ஓர் உயிர் போனால் என் கதி?' என்ற கேள்விதான் கனமானது. தடை மிகையானதற்கு விளக்கம் கேட்பவர் குறைவு, போடாததற்குக் கேட்பவர் ஏராளம், உண்மைதான். ஆனால் எழுதிய காரணம் உங்களைக் காக்கும் அளவுக்கு வெறும் கையெழுத்து காக்காது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச்சூட்டுக்கு உத்தரவிட்டதாகக் காகிதத்தில் இருந்தவை துணை வட்டாட்சியர் உள்ளிட்ட வருவாய் அலுவலர்களின் பெயர்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் அவர்களில் மூவர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

வரைவைத் தொடுமுன் இரு தரப்பையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்காரவைத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துங்கள். அதற்குப் பிறகும் தடை வேண்டியிருந்தால், தெருப் பெயரும் நேரமும் போட்டுத் தமிழில் எழுதி, கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். காலம் முடிந்த அன்று அதைக் கிழிக்கவும் ஓர் ஆளை அனுப்புங்கள்.