சூட்டுக்கு வழி செய்துவிட்டு சக்தியைக் கூட்டுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

120 குதிரைத்திறனில் வந்த காருக்குப் பெரிய டர்போ போட்டு 300-ஐத் தொட்டுவிட்டதாகவும், டிராக்கில் மூன்றே சுற்றில் சூட்டு மீட்டரின் முள் சிவப்புக்கு ஏறிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரிய ரேடியேட்டர் வைத்தும் தீரவில்லை, அடுத்து எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூர் பட்டறைகளில் இதே கேள்வியோடு இன்னும் பல பிள்ளைகள் நிற்கிறார்கள். அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். அளந்து பாருங்கள்.

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கூலன்ட்தான் சுமக்க வேண்டும். சக்தியை இரண்டரை மடங்கு ஆக்கினால் அந்தச் சுமையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். நம் ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபியைப் பாருங்கள். சாதா டியாகோ அப்போது 85 பிஎஸ். டர்போ போட்ட இது 114. ஒரு கம்பெனி வாரண்டி கொடுத்து விற்கத் துணிந்த ஏற்றம் மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் கேட்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

எப்போது சூடாகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது ஏறி, அவிநாசி ரோட்டில் ஓடும்போது இறங்கினால் ஃபேனையும் அதன் கவசத்தையும் பாருங்கள். ஒயரிங் மாறி ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும் வண்டிகளும் உண்டு. நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்தில் ஏறினால் காற்று வழியிலோ தண்ணீர் ஓட்டத்திலோ குறை. முழு ஆக்சிலேட்டரில் மட்டும் ஏறினால் டியூனிங்கைச் சந்தேகப்படுங்கள். இக்னிஷன் டைமிங் அதிகம் பின்தங்கினால் எரிய வேண்டியது தாமதமாக எரியும். அந்தச் சூடு எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக ஹெட்டுக்குள் இறங்கும்.

காற்றா, தண்ணீரா என்று பிரிக்க ரேடியேட்டருக்குள் போகும் ஹோஸில் ஒரு சென்சார், வெளியே வரும் ஹோஸில் ஒரு சென்சார் போடுங்கள். எஞ்சின் கொதிக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பமாக இருந்தால், தண்ணீர் ஓடுகிறது. சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளவில்லை. வித்தியாசம் நிறைய இருந்தால் தண்ணீர் மெதுவாகப் போகிறது. பெரிய ரேடியேட்டருக்குக் கொடுத்த பணத்தில் சிறு பங்கு போதும் இதற்கு.

காற்று சோம்பேறி, தம்பி. சுலபமான வழி கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையாது. உங்கள் வண்டியில் முன்னால் இன்டர்கூலர், அதன் பின்னால் ஏசி கண்டென்சர், கடைசியில்தான் ரேடியேட்டர். முதல் இரண்டும் சுடவைத்த காற்றுதான் மூன்றாவதுக்கு வருகிறது. பக்கத்துச் சந்துகளை அலுமினியத் தகடும் ஃபோமும் வைத்து அடையுங்கள். பம்பரில் நுழையும் காற்று வேறெங்கும் போகக் கூடாது. நுழைந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. ஓடும் வண்டியில் முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் அதிகம். அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளேதான் தள்ளப்படும். பானெட் முழுக்கத் திருப்பூர் பனியன் நூலைத் துண்டு துண்டாக ஒட்டி, டிராக்கில் இன்னொரு வண்டியிலிருந்து வீடியோ எடுங்கள். மேற்பரப்பை விட்டு நூல் மேலே உறிஞ்சப்பட்டு அலையும் இடம்தான் துளை போடத் தகுந்த இடம்.

தண்ணீர்ப் பக்கம் வாருங்கள். கிணற்று மோட்டாரில் சக்‌ஷன் ஹோஸ் சப்பிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த பம்புசெட் ஊர்க்காரர் நீங்கள். எஞ்சினில் கீழ் ஹோஸுக்கும் அதே கதைதான். 6,000 ஆர்பிஎம்மில் பம்ப் உறிஞ்சும்போது ஸ்பிரிங் இல்லாத மெல்லிய ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். ஷெட்டில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். கொங்கு நாட்டு உப்புத் தண்ணீர் பிளாக்குக்குள் சுண்ணாம்பாகப் படியும். வெளியேற வேண்டிய சூட்டை அந்தப் படிவு தடுக்கும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அருமை, எஞ்சினுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். நம் ஊரில் உறைபனிப் பயம் இல்லையென்று கூலன்ட்டை விட்டுவிடவும் கூடாது. துருவைத் தடுப்பது அதில் உள்ள மருந்துதான். மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1.1 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை தாங்கும். ரப்பர் வாஷர் கிழிந்த மூடியில் அந்த 20 டிகிரி உங்களுக்கு இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பல எஞ்சின்களில் சூடேறியதும் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். இத்தனையும் சரியாக இருந்தும் ரிசர்வாயரில் குமிழி வந்துகொண்டே இருந்தால், முதலில் ஏர் லாக்கை எடுங்கள்; பிறகும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள். டர்போ வண்டிக்கு ஆயில் கூலரும், ஆயில் சூட்டைக் காட்டத் தனி மீட்டரும் கட்டாயம்.

சோதனையை வால்பாறை மலைப்பாதையில் வைத்துக்கொள்ளாதீர்கள். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே நமக்கு இருக்கிறது. சுமார் 2.1 கிலோமீட்டர் சுற்று, நீண்ட நேர்கோடு கிடையாது. காற்று வாங்கி ஆற நேரம் தராத டிராக் அது. அங்கே தாங்கும் கூலிங்கை நம்பலாம். அந்தப் பெயருக்குரிய கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டியவர். நரேன் கார்த்திகேயன் பந்தயம் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன் வரை போனார். ஃபார்முலா மாருதியில் இருந்தது சிறிய எஞ்சின்தான், ஆனால் கடைசிச் சுற்று வரை ஓடியது.

ஆகவே பூஸ்ட்டைக் குறைத்து 200-இல் நிறுத்துங்கள். இருபது நிமிடம் விடாமல் ஓட்டி, முள் அசையாமல் நின்றால் மட்டும் அடுத்த 20 குதிரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்றுக்கு 300 காட்டும் வண்டியைவிட, முப்பது சுற்றுக்கும் 200 கொடுக்கும் வண்டியே நல்ல வேலைக்காரனின் வண்டி. சென்சார் கணக்கை எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு ரேடியேட்டரைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் பட்டறை அண்ணன்