தூண்டிலில் சிக்காத மீனாக இருப்போம்!

(மின்னணுவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



எங்கள் ஊர் புன்னக்காயல். தாமிரபரணி கடலோடு சேருகிற இடம். தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மீன் முள்ளைப் பார்த்து வருவதில்லை, இரையைப் பார்த்துத்தான் வருகிறது. கார்டு மோசடியும் அப்படித்தான். இங்கிலீஷில் அதற்கு 'ஃபிஷிங்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு தரும் நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறும். அந்த நேரம் பார்த்து, "பேங்க்ல இருந்து பேசுறோம். பணம் ஏறலியா? உங்க கார்டு 4-லதான தொடங்குது?" என்று ஒரு போன் வந்தால் யாரும் நம்பிவிடுவார்கள். அவனுக்கு எப்படித் தெரிந்தது?

இதில் ரகசியமே கிடையாது! விசா கார்டு எல்லாமே 4-ல்தான் தொடங்கும். முதல் 6 அல்லது 8 எண்கள் கார்டு கொடுத்த வங்கியைக் குறிப்பவை. கடைசி எண் சோதனை எண். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் இம்முறைக்கு 1960-ல் காப்புரிமை பெற்றார். எண்ணைத் தப்பாக டைப் பண்ணினால் அது காட்டிக் கொடுக்கும். திருடனைக் காட்டிக் கொடுக்காது.

உண்மையான ரகசியங்கள் பின் நம்பர், கார்டின் பின்னால் உள்ள 3 இலக்க சி.வி.வி., ஓ.டி.பி. ஆகியவை. 2009 ஆகஸ்டு முதல் நம் நாட்டில் இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்டக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அதனால்தான் கார்டு எண் கிடைத்த பிறகும் திருடன் நமக்குப் போன் போடுகிறான். அவனிடம் இல்லாதது ஓ.டி.பி. மட்டுமே! நம் கணக்குக்குப் பணம் வர ஓ.டி.பி.யும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். கேட்டாலே அவன் திருடன்.

நம் தப்பு இல்லாமலும் ஆபத்து வரலாம். 2016-ல் ஏ.டி.எம். சேவை நிறுவனம் ஒன்றின் கணினியில் தீநிரல் புகுந்ததால் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்குள்ளாயின. 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி வெளியிட்டது. நம் கவனக்குறைவு இல்லாமல் வெளியாளால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது. நாமே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது நம் தலையில்தான் என்றது அந்த விதி.

செய்ய வேண்டியவை:

1. சில வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்காமலே பணம் எடுக்கும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்தி வையுங்கள். மற்றதற்கு உச்சவரம்பு போடுங்கள்.

2. வங்கியின் போன் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும்.

3. யார் சொன்னாலும் நம் போன் திரையை அடுத்தவர் பார்க்கிற செயலியை இறக்காதீர்கள்.

4. பணம் போய்விட்டால் உடனே கார்டை முடக்கி 1930-க்குப் பேசுங்கள். திருடன் பணத்தைக் கணக்கு மாற்றி எடுப்பதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்தி வைக்க முடியும். வெட்கப்பட்டு மறைத்தால் அவனுக்குத்தான் லாபம்!

நண்பர்களே, ஓ.டி.பி. மெசேஜிலேயே எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆனால் அது இங்கிலீஷில் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள், "இதுல என்ன நம்பர் போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லு" என்று நம்மிடம்தான் போனை நீட்டுவார்கள். நம்பரை மட்டும் சொல்லிவிட்டு ஓடாமல், முழு மெசேஜையும் வாசித்துத் தமிழில் விளக்குவோம். நாம் படித்த படிப்பு முதலில் நம் வீட்டைக் காக்கட்டும்!