அஞ்சினாரைக் காட்டலும் அச்சம் விளைத்தலும்: குறைந்த செலவுத் திகில்படத்தில் நடிப்பை இயக்குதல் குறித்த மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பேயையும் பேருருவையும் திரையில் காட்டப் பொருள் வசதி இல்லாத திகில்படம் நடிகரின் முகத்தையே நம்பி நிற்கிறது. ஆனால், அஞ்சியவரைக் காண்பார்க்கும் அச்சமே பிறக்கும் என்று கொள்வதற்கில்லை என்பது மெய்ப்பாட்டியல் உரை மரபு காட்டும் உண்மை. 1999-இல் வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ என்னும் அமெரிக்கப் படத்தின் மன்னிப்புக் காட்சியை இக்கட்டுரை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. அச்சக் காட்சி எனப் பெயர்பெற்ற அது உண்மையில் அழுகை என்னும் மெய்ப்பாட்டின்மீது அமைந்தது என்பதையும், அதனை இயக்கிய முறையால் நடிகர்க்கு நேர்ந்தவற்றையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், அழுகை, கருணை, சத்துவம், அவிநயம், திகில்படம்.

சிக்கல்

மெய்ப்பாட்டைப் பேராசிரியர் நான்கு நிலைகளாகப் பகுத்துக் காண்கிறார். சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, அவ்வுணர்வு மனத்திற் பட்டபின் தோன்றும் குறிப்பு, அக்குறிப்பால் கண்ணீர் அரும்பல், மயிர் சிலிர்த்தல் என உடம்பில் வெளிப்படும் சத்துவம் என்பன அவை. இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன. மேடையில் கூத்தனும் திரையில் நடிகனும் காண்போர்க்குக் காட்டுவது இறுதியில் உள்ள சத்துவம் ஒன்றையே. முதலில் உள்ள பொருளைக் காட்டுவதும் காட்டாது விடுவதும் படைப்போர் கையில் உள்ளது.

இவ்விடத்தில் உரை மரபு ஒரு நுட்பமான வினாவை எழுப்புகிறது. அரிமாவைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனை மற்றொருவன் காண்கிறான். இவன் எதனையோ கண்டு அஞ்சினான் என்று அவன் அறிவான். அரிமாவைத் தான் காணவேண்டுவதில்லை. அவனுக்குப் பிறப்பது அச்சமா? அன்று என்கிறது உரை. அஞ்சினானைக் கண்டு நகுதலும் உண்டு, கருணை கொள்ளுதலும் உண்டு. அச்சம் பிறத்தல் இல்லை. நாடக வழக்கை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட இக்குறிப்பு, குறைந்த செலவில் திகில்படம் எடுப்பவர் ஒவ்வொருவரும் படப்பிடிப்புத் தளத்தில் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைத் தொட்டுவிடுகிறது. அரிமாவைக் காட்டப் பணம் இல்லை. ஓடிவருபவன் மட்டுமே இருக்கிறான். அவனைக் கண்டு அரங்கம் சிரித்துவிட்டால் படம் அத்துடன் முடிந்தது.

இரு வழிகள்

நடிகரை உணர்ச்சிக் காட்சியில் இயக்குவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, சத்துவத்தின் முனையிலிருந்து தொடங்குவது. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் தரும் இருபத்துநான்கு அவிநயங்கள் இவ்வழிப்பட்டவை. வருத்தமுற்றோன், பனித்தலைப்பட்டோன், நஞ்சுண்டோன் என ஒவ்வொருவர்க்கும் கண்ணும் கையும் மெய்யும் எவ்வாறு அமையவேண்டும் என்பதை அம்மரபு வரையறுத்துக் கற்பித்தது. ‘இங்கே நடுங்குங்கள், இங்கே அழுங்கள்’ என்று இன்றைய இயக்குநர் கூறுவது இதன் தேய்ந்த வடிவம். ‘தேய்ந்த’ என்பதற்குக் காரணம் உண்டு: அவிநயம் நெடுநாட் பயிற்சியால் கைவருவது, எட்டு நாள் படப்பிடிப்பில் அதற்கு இடமில்லை. மேலும் அது காண்போனிடமிருந்து தொலைவில் அமைந்த அரங்கிற்கு உரியது. முகத்தருகே வைக்கப்பட்ட ஒளிப்படக்கருவி பயிலாத நடுக்கத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றொன்று, பொருளின் முனையிலிருந்து தொடங்குவது. அழவேண்டும் என்று சொல்லாமல் அழுவதற்கான ஏதுக்களை நடிகரைச் சுற்றி அமைப்பது இது. டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் ஆகிய இயக்குநர்கள் தேர்ந்தது இரண்டாம் வழியை.

எட்டு நாள் காடு

படம் 1997 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்தில், பெரும்பாலும் செனிகா கிரீக் மாநிலப் பூங்காவின் காட்டுப்பகுதியில், எட்டு நாள்களில் எடுக்கப்பட்டது. முழுமையான திரைக்கதை உரையாடல் இல்லை. சுமார் முப்பத்தைந்து பக்கக் கதைக்குறிப்பு இருந்தது. ஹெதர் டோனாஹியூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷ்வா லியோனார்டு ஆகிய மூவரும் தம் சொந்தப் பெயர்களிலேயே நடித்தனர். படக்கருவியை இயக்கியவர்களும் அவர்களே. ஹை-8 வண்ண வீடியோவும் 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளும் பயன்பட்டன. எடுத்த காட்சிகள் ஏறத்தாழ இருபது மணிநேரம் ஓடக்கூடியவை. திரைக்கு வந்தது ஒன்றரை மணிநேரத்திற்கும் குறைவு.

நடிகர் தேர்விலேயே இம்முறை தொடங்கிவிடுகிறது. அறைக்குள் நுழைந்தவரிடம், நீங்கள் ஒன்பதாண்டுச் சிறைத் தண்டனையில் ஏழாண்டைக் கழித்த கைதி, உங்களை ஏன் முன்கூட்டி விடுவிக்கவேண்டும் என்று கேட்டனர். அணியப்படுத்திக்கொள்ள நேரம் தரப்படவில்லை. இவ்வினா அச்சத்தைச் சோதிப்பதன்று என்பது நோக்கத்தக்கது. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பிறர்முன் தாழ்ந்து நின்று பேசும் திறனையே அது சோதிக்கிறது. மன்னிப்புக் காட்சிக்கான விதை இங்கேயே ஊன்றப்பட்டதாகக் கொள்ளலாம்.

காட்டில் இயக்குநர்கள் நடிகர்முன் நின்று இயக்கவில்லை. புவியிடங்காட்டிக் கருவியில் குறிக்கப்பட்ட இடங்களுக்கு நடிகர்கள் நடந்து சென்றனர். அங்கே அவரவர்க்கெனத் தனித்தனிச் சிமிழ்களில் குறிப்புகள் வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் குறிப்பை மற்றவர் பாராமை விதி. ஆகவே ஒருவர்க்குத் தெரிந்தது மற்றவர்க்குத் தெரியாது; எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்பது எவர்க்கும் தெரியாது. நாளுக்கு நாள் உணவின் அளவு குறைக்கப்பட்டது. இரவில் இயக்குநர் குழுவினரே கூடாரத்தைச் சூழ்ந்து ஒலியெழுப்பினர், பதிவுசெய்த குழந்தைக் குரல்களை ஒலிக்கச் செய்தனர், கூடாரத்தை உலுக்கினர். நடிப்பிலிருந்து வெளியேற விரும்புவோர் கூறுதற்கென ஒரு சொல்லும் முன்கூட்டி முடிவு செய்யப்பட்டிருந்தது. ‘டாக்கோ’ என்னும் உணவுப்பெயரே அச்சொல். பசித்திருந்தவர்க்கு உணவின் பெயரே விடுதலைச் சொல்லாக அமைந்தது.

மன்னிப்புக் காட்சி

ஜோஷ்வா ஓர் இரவில் மறைந்துவிடுகிறான். பின்னர் ஒருநாள், அவன் சட்டைத் துணியில் பொதிந்த குருதிப் பொருள்களை ஹெதர் காண்கிறாள், மைக்கேலிடம் கூறவில்லை. அவ்விரவு படக்கருவியைத் தன் முகத்திற்கு மிக அருகில் திருப்பி வைத்துப் பேசுகிறாள். முகம் முழுமையாகச் சட்டகத்தில் அடங்கவில்லை. கண்ணும் மூக்கும் தலைக்குல்லாயும் தெரிகின்றன. வாய் பெரும்பாலும் தெரியவில்லை. தோழர் இருவரின் தாயரிடமும் தன் தாயிடமும் மன்னிப்பு வேண்டுகிறாள். இது தன் திட்டம், தன் பிடிவாதத்தால் நேர்ந்தது என்கிறாள். சூனியக்காரியைப் பற்றிப் பேசுவதைவிடத் தன்னைப் பற்றிப் பேசுவதே மிகுதி. நடிகரே அவ்விடத்தில் புனைந்த உரை இது.

அழுகைக்குத் தொல்காப்பியம் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறுகிறது. இக்காட்சியில் நான்கும் ஒருங்கே வந்து நிற்கின்றன. தோழன் மறைந்தது இழவு. படத்தின் இயக்குநராக மிடுக்குடன் புறப்பட்டவள் வழியறியாது அலைபவளாக மாறியது, பண்டை நிலை கெட்டு வருந்துதலாகிய அசைவு. உணவும் வெம்மையும் இன்மை வறுமை. இவை மூன்றையும் காடே தந்துவிட்டது எனலாம். காட்சியைத் தாங்குவது இளிவு. நிலப்படம் தொலைந்தது முதல் (அதனை ஓடையில் உதைத்துத் தள்ளியவன் மைக்கேலே ஆயினும்) மூன்று நாள்களாக இருவரும் அவளைப் பழித்து வந்துள்ளனர். எந்நேரமும் படக்கருவியைக் கீழே வைக்காததற்காக எள்ளியுள்ளனர். பிறர் இகழ்ச்சியை முன்பு மறுத்தவள் இப்போது அதனைத் தானே ஏற்றுக்கொள்கிறாள். முந்தைய ஒரு மணிநேரப் பூசல் இல்லாவிடில் இக்காட்சி வெறும் கண்ணீர்.

அச்சத்தின் நிலைக்களன்களாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றுள் இப்படத்திற்கு உரியது அணங்கு. பேயும் பூதமும் அதனுள் அடங்கும். அவ்வணங்கு படத்தில் ஓரிடத்தும் காட்டப்படவில்லை. எனவே உரை மரபு கூறிய இடர் முழுமையாக உள்ளது. இயக்குநர்கள் அதனைத் தீர்த்த விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. அழுகையைப் பேராசிரியர் தானே அவலித்தல், பிறர் அவலங்கண்டு அவலித்தல் என இரண்டாக்கிப் பின்னதைக் கருணை என்கிறார். அஞ்சினானைக் கண்டார்க்குப் பிறப்பதும் நகை அல்லது கருணை. இவ்விரண்டில் ஒன்றுதான் வரும் எனில், கருணையை வருவித்து நகைக்கு இடமில்லாமற் செய்வதே இயக்குநர் செய்யக்கூடியது. தன்மீது கருணை பிறந்தபின் அவளுக்கு அடுத்து நேரவிருப்பது குறித்து அரங்கம் அஞ்சுகிறது. அவ்வச்சத்திற்கு அணங்கைக் காணவேண்டுவதில்லை. மன்னிப்பைத் தொடர்ந்து பாழடைந்த வீட்டிற்குள் நிகழும் இறுதிக் காட்சி இதனால் ஆற்றல் பெறுகிறது. இடையில் இவ்வழுகை இல்லையேல் அது இருளில் இருவர் கத்திக்கொண்டு ஓடுவது மட்டுமே.

வாய் தெரியாத சட்டகமும் இதற்கு உதவுகிறது. வாய் தெரியாமையால் அழுகையின் வழக்கமான அவிநயம் மறைகிறது. கண்ணீரும் மூக்குநீரும் ஆகிய சத்துவம் மட்டும் எஞ்சுகிறது.

தம் இறை

பொருளின் முனையிலிருந்து இயக்கும் இவ்வழிக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. டோப் ஹூப்பர் இயக்கி 1974-இல் வெளிவந்த ‘தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்’ படத்தின் உணவுமேசைக் காட்சி 1973 கோடையில், சாளரங்கள் மூடிய வீட்டிற்குள், ஒரு நாளுக்கும் மேலாக இடைவிடாது எடுக்கப்பட்டது. முதியவர் வேடத்திற்கான ஒப்பனையை நடிகர் மீண்டும் இட்டுக்கொள்ள விரும்பாமையே அதற்குக் காரணம். மேசையிலிருந்த இறைச்சி விளக்குகளின் வெப்பத்தில் அழுகியது. செயற்கைக் குருதிக் குழாய் இயங்காதபோது நடிகை மர்லின் பர்ன்சின் விரல் உண்மையாகவே கீறப்பட்டது. அக்காட்சியின் அலறலை நடிப்பு என்பதா, நிகழ்வு என்பதா? அங்கே குறிப்பும் சத்துவமும் உண்மை. ஆனால் சுவைப்பொருள் கதையில் உள்ள கொலைஞர் குடும்பம் அன்று, படப்பிடிப்புத் தளமே. நடிகருக்கு ஏதுவான பொருள் ஒன்று, காண்போர் கருதும் பொருள் மற்றொன்று.

அச்சத்திற்குத் தொல்காப்பியம் கூறும் நான்காம் நிலைக்களன் தம் இறை. ஆசிரியர், அரசர் எனத் தம்மினும் தலைமையுடையார்முன் தோன்றும் அச்சம் அது. இரவில் கூடாரத்தை உலுக்கிய இயக்குநர் கதைக்குள் அணங்கு. கதைக்கு வெளியே உணவைக் குறைக்கும் இறை. செனிகா கிரீக் காட்டையும் டெக்சஸ் வீட்டையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. முன்னதில் நடிகர் நிபந்தனைகளை அறிந்தே சென்றனர். வெளியேறும் சொல் அவர்கள் கையில் இருந்தது. பின்னதில் நிகழ்ந்தது திட்டமன்று, வறுமையும் அவசரமும் கூடிய விளைவு. எனினும் பசித்தவர் பசியை நடிக்கையில், அந்நடிப்பை ஆக்கியவர் யார் என்னும் வினா முன்னதிலும் எழுகிறது.

அவ்வினாவுக்கு அக்காலத்து வரவேற்பு அளித்த விடை நடிகருக்குச் சார்பாக இல்லை. சில பத்தாயிரம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, சுமார் 24.8 கோடி டாலர் ஈட்டிய படத்தில், ஆண்டின் மிக மோசமான நடிகைக்கான கோல்டன் ராஸ்பெரி ஹெதர் டோனாஹியூவுக்கு வழங்கப்பட்டது. 2000-இல் வந்த ‘ஸ்கேரி மூவி’ மன்னிப்புக் காட்சியை மூக்குநீர் பெருக்கெடுக்கும் நகைச்சுவையாக்கியது. அஞ்சினானைக் கண்டு நகுதலும் உண்டு என்று உரை கூறியது அரங்கிற்குள் நிகழாமல் அரங்கிற்கு வெளியே நிகழ்ந்தது. காணொளி உண்மையில் கண்டெடுக்கப்பட்டது என்றே படத்திற்கு விளம்பரம் செய்யப்பட்டிருந்தமையால், அழுதவள் ஹெதர் என்னும் பெண். நடித்தவர் எவரும் இல்லை என்றாகியது. சொந்தப் பெயரே பாத்திரப் பெயரான நிலையில் இதிலிருந்து அவர் விலகி நிற்க வழியும் இல்லை.

படம் வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும் நிலையில், 2024 ஏப்ரலில், நடிகர் மூவரும் பொது அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். நடிப்பிற்கான தொடர் ஊதியத்தையும், இனி எடுக்கப்படும் படங்களின் விளம்பரத்தில் தம் பெயரோ உருவமோ இடம்பெறுமாயின் தம்மைக் கலந்தாலோசிப்பதையும் அவர்கள் அதில் கோரினர். விளம்பரச் சுவரொட்டியில் உலகெங்கும் ஒட்டப்பட்ட உருவம், வாய் தெரியாத அவ்வழுகை முகம்.