போர்வையைப் புரட்டிப் பாருங்கள்

கேள்வி: மட்டக்களப்புக் கைவினைக் கண்காட்சியில் ஒட்டுத்துணிப் போர்வைகளும் வைக்கிறார்களாம். கைத்தையலா, மெஷின் தையலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, போர்வையைப் புரட்டிப் பாருங்கள். மெஷின் தையல் கோடு கிழித்ததுபோல் ஓடும். கைத்தையலில் நூல் முங்கி முங்கி எழும். ஒரு தையல் நெல்லளவு, அடுத்தது எள்ளளவு.

பிறகு துணியைப் பாருங்கள்; துணியும் தைக்கும் முறையும் ஊருக்கு ஊர் மாறும். வங்காளத்துக் காந்தா, பழஞ்சீலைகளை அடுக்கித் தைத்தது. வட கன்னட மாவட்டச் சித்தி சமூகப் பெண்களின் கவந்திப் போர்வையோ ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைக்கப்படுவது. மூலைகளில் துணிப்பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு அம்மணம்!

உங்கள் பக்கத்துப் போர்வையில் மருதமுனைக் கைத்தறிச் சாரன் துண்டு தென்படுகிறதா என்று தேடுங்கள். வாங்குவதானால் பழந்துணியில் தைத்ததையே வாங்குங்கள். பலமுறை துவைத்த பருத்தி, வாவியில் வாடை வீசும் மாதங்களில் உடம்போடு இதமாக ஒட்டிக்கொள்ளும்.