பவர் தருவதும் சோலார் செல், சுவிட்சும் அதுவே!

வயர்லெஸ் கீபோர்டு, ரிமோட் என்று வாங்கினால் பேட்டரி மாற்றும் வேலையும் கூடவே வந்துவிடுகிறது. அறையில் எரியும் விளக்கு வெளிச்சத்திலேயே இவை இயங்கினால் நல்லதுதானே? லாஜிடெக் நிறுவனத்தின் கே750 கீபோர்டு 2010ல் இப்படித்தான் வந்தது. 2021ல் சாம்சங் தன் டிவி ரிமோட்டின் பின்புறத்தில் சோலார் தகட்டைப் பதித்தது.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். நல்ல விளக்குள்ள படிக்கும் மேஜையில் 300 முதல் 500 லக்ஸ்தான். எனவே அறைக்குள் கிடைக்கும் மின்சாரம் மிகச் சிறிதே. ஆனால் ரிமோட், பட்டனை அழுத்தும்போது மட்டும் சிக்னல் அனுப்புகிறது. மற்ற நேரம் தூங்குகிறது. கிடைப்பதைச் சிறு பேட்டரியிலோ கெப்பாசிட்டரிலோ சேர்த்து வைத்தால் போதும். சத்தமாகப் பாடும் ஸ்பீக்கருக்கு இது போதாது.

செல் எப்படி சுவிட்ச் ஆகும்?

சோலார் கால்குலேட்டர் இருந்தால் அதன் கறுப்புப் பட்டையை விரலால் மூடிப் பாருங்கள். எண்கள் மங்கி மறையும். உள்ளே பேட்டரியும் இருக்கும் மாடல்களில் மட்டும் மறையாது. நிழல் விழுந்தால் மின்சாரம் குறைகிறது அல்லவா? அந்தக் குறைவையே கட்டளையாக்கலாம். இரண்டு செல்கள் அருகருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. கையை இடமிருந்து வலமாக அசைக்கிறீர்கள்.
2. முதலில் இடது செல்லிலும், அடுத்து வலது செல்லிலும் மின்சாரம் குறைகிறது.
3. உள்ளிருக்கும் சிப் இந்த வரிசையைப் பார்த்து டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறது. எதிர்த் திசையில் அசைத்தால் குறைக்கிறது.

இதற்குத் தனி சென்சார் தேவையில்லை. செல் மறைந்திருக்கும் நேரத்தில் சிப்புக்குச் சேமித்த மின்சாரம் கைகொடுக்கும்.

அறை விளக்கை அணைத்தாலும் மின்சாரம் குறையுமே என்று கேட்கலாம். அப்போது இரண்டு செல்களிலும் ஒரே நேரத்தில் குறையும். கை அசைவில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறையும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும்படி புரோகிராம் எழுத வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். இருட்டில் நிழல் இல்லை. எனவே கட்டளையும் இல்லை. இத்தகைய சாதனத்தில் சாதாரண பட்டனும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முழு சார்ஜில் இருட்டில் எத்தனை நாள் இயங்கும் என்றும் கேளுங்கள். கே750க்கு 3 மாதம் என்றது அதன் நிறுவனம். வாங்கிய பின் மேஜை டிராயருக்குள் பூட்டாமல், வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள்.